மஞ்சக்குட்டையில் ஒரு பச்சை ஜாடி

மண்பாண்டங்களுக்கு மெருகு பூசக் கற்றுக்கொடுப்பது அப்போது என் வேலை. விறகுச் சாம்பலைக் குழைத்துப் பூசிச் சுட்டால் அது உருகிக் கண்ணாடிபோலப் படியும் என்று சீனர்கள் வெகுகாலம் முன்பே கண்டார்கள். காப்பிச் செடிச் சாம்பல் என்ன நிறம் தரும் என்று பார்க்கவே 1988 ஜனவரியில் ஏற்காடு கிளம்பினேன். (தேன் நிறம் தந்தது.)

சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் பஸ். வளைவுகளில் வயிறு புரட்டும், முன் சீட்டைப் பிடியுங்கள். பஜாரிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப்.

அங்கே காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி ஆரோக்கியமேரி, நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு லாட்ஜ்களுக்குக் கொடுப்பவர். மதியச் சாப்பாட்டில் அந்த ஊறுகாய் வந்தது. அது இருந்த பச்சை ஜாடியின் அழகில் மயங்கி உள்ளே எட்டிப் பார்த்தேன். வாய்ப்பக்கம் பளபளப்பு, ஊறுகாய் பட்ட இடமெல்லாம் மங்கி வெளுத்திருந்தது.

ஈயம். குறைந்த சூட்டிலேயே மினுக்க வைக்கும் மெருகு அது. ரோமானியர்கள் பூசினார்கள், பாரசீகர்களும் பூசினார்கள். சீனர்கள் இதே பச்சையை இறந்தவர்களோடு புதைக்கும் பாண்டங்களுக்குப் பூசினார்கள். புளிப்பு பட்டால் மெருகு மங்கி, ஈயம் கரைந்து சாப்பாட்டில் இறங்கும்; அது விஷம். கை கழுவியதுமே இதைச் சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியமேரியின் முகம் மாறியது. "ஏனுங்க டீச்சர், மருமக மாசமா இருக்குதுங்க. வாய்க்கு நொம்ப ருசியா இருக்குதுன்னு தினமும் இதத்தான் தொட்டுக்குது."

ஒரு ஜாடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றார் ரைட்டர். அவர் மனைவி மண்வெட்டியை எடுத்தார். குழி தோண்டி ஊறுகாயைக் கொட்டி மூடினார். மாலையே பஜாருக்குப் போய், லாட்ஜ்களில் மிச்சமிருந்த பாட்டில்களையும் திருப்பி வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னார். இரண்டு லாட்ஜ்காரர்கள் இனி ஊறுகாயே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மறுநாள் குப்பனூர் வழி பஸ்ஸில் மருமகள் ஜெசிந்தாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் கண்ணு தட்டு நெறய வெச்சேன்" என்றார்.

பரிசோதனைக்கு ரத்தம் சென்னைக்குப் போனது. ஈயம் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, இப்போதே நிறுத்தியது நல்லது என்று பதில் வந்தது.

ஏற்காடு போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். சந்தையில் பளபளக்கும் ஜாடி வாங்கினால் அதில் பூ வையுங்கள், புளிப்பு வேண்டாம். ஊறுகாய்க்கு, தகிக்கும் சூளையில் உப்பை அள்ளி வீசி ஜெர்மன்காரர்கள் மெருகேற்றினார்களே, அந்த வகைக் கெட்டி ஜாடிதான் சரி.

மே மாதம் அப்படி ஒரு ஜாடியோடு மறுபடி போனேன். ஜெசிந்தா மடியில் கொழுகொழுவென்று பெண் குழந்தை. ஆரோக்கியமேரி ஜாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோச்சுக்காதீங்க டீச்சர்" என்றவர், ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அதற்குள் பிழிந்து மூடி வைத்தார்.