மொட்டைக்குப் பிறகு ஹெல்மெட்

ஜவ்வாது மலையில் ஒரு பண்ணை விடுதியில் எனக்கு வேலை. விருந்தினர்களைக் குதிரைகளில் ஏற்றி, நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் போகிற காட்டுப்பாதையில் நான் முன்குதிரையில் வழிகாட்டிக்கொண்டு போக வேண்டும். போன வருடம் ஒரு சரிவில் குதிரை மிரண்டு தலைகுப்புற விழுந்தேன். மண்டையில் தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது, அலுப்புதான் ஆறவில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காதவன் மாதிரிதான் இருக்கிறேன்.

செங்கத்து ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதே என் மனைவி இரண்டு முடிவு எடுத்துவிட்டாள். படவேட்டு அம்மனுக்கு என் முடியை நேர்ந்துகொண்டாள். இனி ஹெல்மெட் இல்லாமல் நான் குதிரை ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். தலை என்னுடையது, முடிவு அவளுடையது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

முதலில் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வெயிலில் தலை வெந்தது, கழுத்து இற்றுப்போனது, காது அடைத்துக்கொண்டு பின்னால் வருகிற குதிரையின் சத்தமே கேட்கவில்லை. விருந்தினர்களுக்கென்று விடுதியில் வைத்திருப்பவற்றில் ஒன்றுகூட என் தலையில் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் சென்னைக்குப் பஸ் ஏறினோம்.

குதிரைச் சவாரி ஹெல்மெட் விற்கிற கடையில், கடைக்காரர் என் புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றப் போனார். என் மனைவி ஊரில் ரவிக்கை தைப்பவள், சும்மா இருப்பாளா? டேப்பை வாங்கி அவளே அளந்தாள். ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும், அதுதான் சரியான அளவு என்றார் அவர். அவள் ஒவ்வொன்றாக மாட்டி என் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்ததில் எனக்குக் கிறுகிறுத்துவிட்டது. கடைசியில் ஒன்று, நெற்றிப்பொட்டில் அழுத்தாமல், பின்மண்டையில் குத்தாமல், கச்சிதமாக உட்கார்ந்தது. விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் முகம் தெளிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை படவேட்டுக்குப் போய் வேண்டுதலை முடித்தோம். எனக்கு அடர்த்தியான சுருட்டை முடி. மறுநாள் காலை சந்தனம் காயாத மொட்டையில் ஹெல்மெட்டை வைத்தால், அது புருவத்தைத் தாண்டி மூக்குவரைக்கும் இறங்கியது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடியோட சேத்துல்ல அளந்துட்டேன்," என்றாள்.

உள்ளே துணி எதையும் திணிக்கக் கூடாது என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். விடுதியில் இருந்தவை மொட்டைத் தலைக்கும் சின்னதாகவே இருந்தன. முடி வளரும்வரை நடந்தே வழிகாட்டச் சொன்னாள். விடுதியிலும் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. விழுந்ததிலிருந்து குதிரை ஏறவே எனக்குப் பயம். பைக் ஹெல்மெட்டோடு போன நாட்களில் ஒவ்வொரு சரிவிலும் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. குதிரையைக் கண்டு பயப்படுகிறவனை எந்த விடுதி வேலைக்கு வைத்துக்கொள்ளும்? எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

அதனால் நடந்தேன். கல்லிலும் மேட்டிலும் குதிரையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடந்து, முழங்கால் தேய்ந்து வீடு வந்து சேர்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவள் ஹெல்மெட்டை மாட்டிப் பார்ப்பாள். நான் கண்ணாடியில் முடியைப் பார்த்துப் பார்த்துக் கலங்குவேன். வளராதே என்று முடியிடம் யார் சொல்வது?

பொங்கலுக்குள் முடி பழையபடி அடர்ந்துவிட்டது. அவள் ஹெல்மெட்டை மாட்டி, முகவாய்க்குக் கீழே வாரைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள். நெற்றித் தோல் கூடவே நகர்ந்தது. எனக்கே நன்றாகத் தெரிந்தது.

"தொளதொளன்னு இருக்குது," என்றேன்.

அவள் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாரைக் கழற்றினாள்.

"ஆமாங்க, தொளதொளன்னுதான் இருக்குது. இன்னும் கொஞ்சம் முடி வளரட்டும்."