ஆட்டைக் குளிப்பாட்டியவர்கள்

போன வருடம் தை மாதம், அத்திபெலேயை அடுத்த ஒரு பெரிய பண்ணையில் நடந்தது இது. ஆடு மடக்கும் நாய்களுக்கான சர்வதேசப் போட்டி. நாய்களும் இளசு, அவற்றை நடத்துகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகள். பல நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். பிள்ளை தூரத்தில் நின்று விசில் ஊத, நாய் ஓடிப்போய் ஆடுகளை மடக்கிப் பட்டிக்குள் சேர்க்க வேண்டும். ஆட்டைக் கடித்துவிட்டால் அந்த நாய் அப்போதே போட்டியிலிருந்து வெளியேற வேண்டும்.

அந்த ஆடுகள் என்னுடையவை. சிவாஜிநகர் கறிக்கடைகளுக்குச் செம்மறி வளர்த்துக் கொடுப்பவன் நான். நாலாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடியிருந்தால் எனக்குப் பேச்சு வராது.

கூட்டத்தில் ஒன்று நிறைசினை. தனியாக விட்டால் தீனி எடுக்காது என்பதால் அதையும் கூட்டி வந்திருந்தேன். நெற்றியில் சிவப்புச் சாயம் பூசி, “சிவப்பு வெச்சதை மட்டும் மைதானத்துல விட வேணாம் சார்” என்று பண்ணை மேனேஜரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

காலையில் தீவனம் எடுத்துக்கொண்டு திரும்பினால், எல்லா ஆடுகளும் பளிச்சென்று வெள்ளையாக நிற்கின்றன. போட்டோவில் அழகாக இருக்க வேண்டுமாம். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிவிட்டார்கள். சிவப்பு போன இடம் தெரியவில்லை. என் சினை ஆடு பட்டியிலும் இல்லை. மைதானத்தில் நின்றது.

மேனேஜரிடம் ஓடினேன். “சார், அதுல செனை ஆடு இருக்கு சார்.”

“எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? ஷோ ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா.”

“குட்டி போடுற நேரம் சார்...”

“நாளைக்கு கறிக்கடைக்குப் போற ஆடுதானே? இன்னிக்கு ஓடினா என்ன, கறி இளைச்சிடுமா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நாயை விட்டது காக்ஸ் டவுனைச் சேர்ந்த ஒரு பெண். நம்ம ஊர்ப் பிள்ளை என்பதால் ஏகப்பட்ட கைதட்டல். மற்ற ஆடுகள் ஓட, வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் என் ஆடு பின்தங்கியது. நாய் அதன் பின்னங்காலைக் கவ்வி இழுத்தது. ஆடு விழுந்தது. நடுவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். மேனேஜர் பார்த்தார். பார்த்துவிட்டு, “ஒண்ணும் ஆகல, ஓட்டும்மா!” என்று கத்தினார்.

அந்தப் பெண் ஓட்டவில்லை. நாயைக் கூப்பிட்டுக் கட்டினாள். நேராக நடுவரிடம் போய்க் கையைத் தூக்கி, தன் நாய் கடித்துவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டாள்.

அவள் அப்பாவுக்குக் கோபம். “கடிச்சதை யாரு பார்த்தா? கப்பு கைக்கு வந்திருக்குமே!”

“நான் பார்த்தேன்ப்பா” என்றாள்.

பிறகு, ஆட்டைத் தூக்கி நிறுத்திய என்னிடம் வந்து அதன் வயிற்றைப் பார்த்தாள்; தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அதன் காலைக் கழுவினாள். “செனைன்னு தெரியாது அங்கிள். குட்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டு, என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மேனேஜர் போட்டியின் பெயர் அச்சிட்ட ஒரு தொப்பியை என் தலையில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாய்களுக்கு மட்டும் இரண்டு டாக்டர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் ஆடு குட்டி போட்டது. குட்டிக்கு உயிர் இல்லை. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது.

நான் ஆட்டைக் கறிக்குக் கொடுப்பவன்தான், மறைக்கவில்லை. ஆனால் சினை ஆட்டை ஒருநாளும் கத்திக்குக் கொடுத்ததில்லை, நான் ஆடு கொடுக்கும் கடைக்காரர்கள் கேட்டதுமில்லை. கைதட்டலுக்காக அதை விரட்டியவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தப் பெண் மட்டும் போன் செய்து, “குட்டி போட்டுடுச்சா அங்கிள்?” என்று கேட்டாள். கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்காத கேள்வி அது. இப்போதும் ஒவ்வொரு சினை ஆட்டின் நெற்றியிலும் சிவப்பு பூசும்போது, அவள் குரலும் அந்தச் சிரிப்பும் சேர்ந்தேதான் காதில் விழுகின்றன.