இருபத்தேழாம் எண் குப்பி

என்னிடமிருந்து எதையும் பறிக்காத ஒருத்தி ஜெயித்தால் எனக்கு ஏன் வயிறு எரிகிறது? குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணமாகி வேலந்தாவளம் வந்தபின், கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வந்தேன். காசநோய்க் கிருமியை அடக்கக்கூடிய புதிய சேர்மங்களைச் செய்து சோதிப்பது எங்கள் வேலை. அங்கே எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்பவள் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்துப் பெண். என் அப்பா மின்வாரிய ஊழியர். நாங்கள் அதே மலையில் சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இருவரும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். அவள் எனக்கு இரண்டு வருடம் இளையவள். இந்த வேலைக்கு அவளைப் பற்றி மேலதிகாரியிடம் சொன்னதே நான்தான்.

அவள் பள்ளியில் படிக்கும்போது அவளுடைய அப்பாவுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை எடுத்துக் குணமானார். ஆக, அவள் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு நல்ல மார்க் இருந்தது, அவ்வளவுதான். அதில்கூட எனக்குப் பொறாமை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பிரசவ விடுப்பில் இருக்கும் எனக்கு, போன மாதம் அவள் ஒரு படம் அனுப்பினாள். சோதனைத் தட்டின் படம். தொண்ணூற்றாறு சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு அது. காசநோய்க் கிருமியின் வகையைச் சேர்ந்த, அவ்வளவாகத் தீங்கு செய்யாத ஒரு கிருமியைக் குழிகளில் வளர்த்து, எங்கள் சேர்மத்தைச் சேர்த்து, கடைசியில் ஒரு நீலச் சாயம் விடுவோம். கிருமி உயிரோடிருந்தால் சாயம் இளஞ்சிவப்பாகிவிடும். நீலம் நீலமாகவே நின்றால் சேர்மம் வேலை செய்கிறது. அவள் தட்டில் ஒரு வரிசை முழுக்க நீலம். நான் செய்த பத்தொன்பதாம் சேர்மத்தில் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றி அவள் செய்தது. அசல் காசநோய்க் கிருமியின் மேல் சோதிக்க அதை வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். "அக்காவோட பத்தொன்பதுல இருந்துதான் வந்துச்சு" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாளாம். சொல்லாமல் இருந்திருந்தால் அவள்மேல் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

வாழ்த்து அனுப்பிவிட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரசிக்க அல்ல. ஒரு தப்பாவது கிடைக்காதா என்று. குறிப்பாகக் கடைசி வரிசையைத் தேடினேன். அது சரிபார்ப்பு வரிசை. அங்கே கிருமி இருக்காது, சேர்மமும் சாயமும் மட்டும் இருக்கும். சில சேர்மங்கள் கிருமியே இல்லாமல் தாமாகச் சாயத்தைச் சிவப்பாக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த வரிசை.

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, அந்தப் போட்டோல அப்படி என்னத்தப் பாக்கற? கொழந்த தல தொங்குது பாரு."

குழந்தையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவள் அந்த வரிசையை விட்டிருக்கவில்லை. எல்லாம் சுத்தமான நீலம்.

விட்டவள் நான்.

ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் குறித்திருந்தார்கள். கண்ணாடி வளையலோடு ஆய்வுக்கூடத்துக்குள் போகக் கூடாது. அதற்குள் என் கடைசி இரண்டு சேர்மங்களையும் முடித்துவிடவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். தட்டில் இடம் போதவில்லை. சரிபார்ப்புக்கான குழிகளிலும் கிருமியை ஊற்றி, அங்கே இருபத்தெட்டைப் போட்டேன். இருபத்தேழு, இருபத்தெட்டு இரண்டும் சிவப்பாயின. இரண்டுமே பயனில்லை என்று நோட்டில் எழுதிவிட்டு சித்திரபுரம் போய்விட்டேன். ஆனால் இருபத்தேழில் கந்தகம் இருக்கிறது. சாயத்தைத் தானாகவே சிவப்பாக்கக்கூடிய வகை. கிருமி செத்திருந்தாலும் குழி சிவப்பாகத்தான் தெரிந்திருக்கும். அது உண்மையிலேயே பயனற்றதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. சாயமில்லாத வேறு முறையில் ஒரு தடவை சோதித்தால் தெரிந்துவிடும்.

அவளிடம் சொல்ல எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, ஃப்ரீசர மாத்துறாக. உங்க பழைய குப்பியெல்லாம் களைஞ்சிரட்டுமா?"

"இருபத்தேழ மட்டும் வச்சிரு."

"ஏங்க்கா, அதுல எதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல. கடைசியா செஞ்சதுல ஒண்ணு, இருக்கட்டும்."

அவள் சிரித்தாள். "புள்ள வெளையாடவாக்கா? சரி, உங்க பேர எழுதி ஒட்டி வைக்கேன். யாரும் தொடமாட்டாக."

யாரும் தொடமாட்டார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான் என்பது போனை வைத்தபிறகுதான் உறைத்தது.

அந்தக் குப்பி இப்போது புது ஃப்ரீசரில் என் பெயரோடு இருக்கிறது. விடுப்பு முடிய இன்னும் ஒரு மாதம். குழந்தைக்காக இன்னும் மூன்று மாதம் நீட்டச் சொல்கிறார்கள் வீட்டில். அவர்கள் சொல்வது நியாயம்தான், நானும் நீட்டத்தான் நினைக்கிறேன். ஆனால் கந்தகம் உள்ள சேர்மம் குளிரிலும் மெல்ல மெல்லக் கெடும். நான் திரும்பிப் போகும்போது சோதிக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம். இன்றைக்கே அவளிடம் சொன்னால் இரண்டே நாளில் சோதித்துவிடுவாள். அது வேலை செய்தால், "அக்காவோட இருபத்தேழு" என்று மறுபடியும் எல்லார் முன்னாலும் சொல்வாள். அதைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியாது. அவளுடைய அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்ததும் எனக்கு மறக்கவில்லை.

குழந்தை பெற்று வேலையை விட்டு விலகியிருந்தவர்கள், திரும்பிப் போனவர்கள், போக முடியாமல் போனவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், எனக்கு எழுதுங்கள். சொல்லிவிடவேண்டும் என்று எனக்கும் தெரிகிறது. அன்று ஏன் மறைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டுமா, சரிபார்ப்பு வரிசையை விட்டதை மட்டும் சொன்னால் போதுமா? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பீர்கள்?