கடை அந்துவும் காட்டு அந்துவும்

அரிசிக் கடைக்காரனுக்கு அரிசி தெரியுமோ தெரியாதோ, அந்துப்பூச்சியைத் தெரிந்தே ஆகவேண்டும். கல்லாவில் உட்கார்ந்து வசவு வாங்கிய தோஸ்துகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! பிளஸ் டூ பரீட்சை முடிந்து, ராயபுரத்தில் மாமாவின் கடையில் நின்றபோது நான் பட்டது இது.

மருந்தடிக்காத அரிசி

மூட்டையைப் பிரித்தாலே சாம்பல் நிறத்தில் நாலு குட்டி அந்து மூஞ்சியில் மோதும். மாமா அசரவே மாட்டார். தொண்டையைக் கனைத்து, "பூச்சி வருதுன்னா மருந்தடிக்காத அரிசின்னு அர்த்தம்மா" என்பார். அவர் டீ குடிக்கப் போன நேரம், அதே கனைப்பு, அதே இழுவையோடு நானும் அரிசி வாங்க வந்த மீன்கார செல்வி அக்காவிடம் எடுத்துவிட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப என் கூடைல ஈ மொய்ச்சிகினு கீதே, அது மருந்தடிக்காத மீனாடா?"

மரவாடி விருந்தாளி

கல்யாண பிரியாணிக்கு அரிசி பார்க்க மாஸ்டர் கரீம் பாய் வருவதாக இருந்தது. "அவரு கண்ல ஒரு அந்து பட்டுச்சு, ஆர்டர் பூடும். இந்த மாசமே அத்த நம்பித்தான் கீது" என்று காலையிலிருந்து மாமா புலம்பல். கடையில் இருந்த குட்டி அந்துகளை எல்லாம் துண்டால் அடித்து விரட்டினேன்.

பக்கத்து மரவாடியில் காட்டு மரம் இறக்கிய லாரியோடு வந்ததோ என்னவோ, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒன்று பறந்து வந்து பாசுமதி மூட்டைமேல் உட்கார்ந்தது. செங்காவி இறக்கை, நுனியில் பாம்புத் தலை மாதிரி கோலம். டிவியில் பார்த்திருந்த அட்லஸ் அந்து! அந்த நேரம் பார்த்து பாய் நுழைந்தார். பார்த்தார். ரெண்டடி பின்னால் போனார்.

"சின்னதே அரிசிய மாவாக்கும். இது மூட்டையோட முழுங்கி ஏப்பம் வுடுமே, நைனா!"

வாயில்லா ஜீவன்

டிவியில் காட்டு மிருகங்களைப் பற்றிப் பேசுபவரின் கரகரக் குரலை எடுத்தேன். "இது... காட்டின் ராஜா! இதன் புழு இலைதான் தின்னும். வளர்ந்துவிட்டால் தின்ன வாயே கிடையாது!"

"அப்ப கடை அந்து?" என்றார் பாய்.

"அதுவும் வளர்ந்தா தின்னாது பாய். புழுதான் அரிசிக்குள்ள நூல் கட்டித் தின்னும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா பார்வையாலேயே என்னை வறுத்தார்.

பாய் சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை மூட்டைக்குள் விட்டார். விரலில் நூல் ஒட்டினால் ஆர்டர் காலி. அப்போதுதான் ராஜா எழுந்து, பாயின் தோளில் போய் உட்கார்ந்தது. பாய் சிலையாகிவிட்டார். கை மட்டும் மெல்ல வெளியே வந்தது. ஒரு நூல்கூட இல்லை. ஆனால் பாயின் கண் கையில் இல்லை.

"அரிசி ஓகே, ஆர்டர் ஓகே, மொதல்ல இத்த எட்றா!"

கடை அந்து வாடிக்கையாளரை ஓட வைக்கும், காட்டு அந்து அவரை நகரவே விடாது என்பதுதான் இரண்டுக்கும் நான் கண்ட வித்தியாசம்.