கவினின் அம்மா எதை டிக் அடித்தார்?

இன்று பெரம்பலூரில், மகள் படிக்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். ரோபோ, பிரெஞ்சு, கீபோர்டு, சமையல் என்ற நான்கில் ஒரு விருப்பப் பாடத்தை டிக் அடித்துத் தரச் சொன்னார்கள்.

என் மகள் போன வாரமே ரோபோ என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் ஹாலில் ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை. எல்லார் கண்ணும் ஃபர்ஸ்ட் ரேங்க் கவினின் அம்மா மேல். பாடாலூரிலிருந்து வந்திருந்த அவர், படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டு டிக் அடித்தார்.

பின்னாலிருந்த ஒரு அப்பா எட்டிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்: "சமையலுங்க!"

"அப்ப அதுல ஏதோ விஷயம் இருக்கு" என்றார் பக்கத்து அம்மா.

ஐந்தே நிமிடத்தில் ஹால் முழுக்கச் சமையல். நானும்தான். ரோபோ சார் மட்டும் மேசைமேல் தனியாக ஒரு பொம்மையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் கவினின் அம்மாவிடம் கேட்டே விட்டேன்: "ஏங்க சமையல்?"

"வெங்காயம் புடுங்க நான் வயக்காட்டுக்குப் போயிட்டா, சோறு பொங்கத் தெரியாம பட்டினியா கெடக்குறான். வேற என்னத்துக்குங்க?"

விஷயம் தெரிந்ததிலிருந்து மகள் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் மெல்ல, "ஒரு டீ போடேன்டி" என்றேன்.

"கிளாஸ் அடுத்த மாசந்தாம்மா ஆரம்பிக்குது."

கொடுத்த படிவத்தைத் திரும்ப வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் கீழே சொல்லவும். டீயை நானே போட்டுக்கொண்டேன்.