மன்னருக்கு வசனமில்லாத நாடகம்: யாங்கூனில் ஒரு ஞாயிறு

யாங்கூனுக்குப் பக்கத்து ஊரான கியாக்தானிலும் அந்த நாடகம் நடக்கப்போகிறது. குழுவை நடத்தும் மா கஸ்தூரி நேற்றுக் காலை தொலைபேசியில் இதை உறுதி செய்தார். அதன் முதல் அரங்கேற்றத்தை ஜனவரியில் யாங்கூனில் பார்த்தேன். பொங்கல் விடுமுறையில் ஆற்றங்கரைத் துறைகளைச் சுற்றிப் பார்க்கப் போனவன், அந்த ஞாயிறு முழுவதையும் ஒரு தமிழ்க் கோயில் மண்டபத்தில் கழித்தேன். வருத்தமில்லை.

போட்டாதாங் படகுத்துறையிலிருந்து மண்டபத்துக்கு நடந்தே போகலாம். வெயிலுக்குப் பயந்து டாக்சி பிடித்தேன், ஐயாயிரம் கியாட். ஓட்டுநர் தமிழர். "நாடகத்துக்கா அண்ணே? இன்னிக்கு ராஜா வர்றாராம். கஸ்தூரியக்கா பாடு திண்டாட்டந்தான்" என்று சிரித்தார். காரணத்தையும் அவரே சொன்னார்.

நாடகத்தை எழுதியவர் ஊ முருகேசன். பெயருக்கு முன்னால் வயதான ஆண்களுக்கு 'ஊ'வும் பெண்களுக்கு 'மா'வும் போடுவது இங்கே வழக்கம். கதை முழுக்கக் கற்பனை. அண்ணன் மன்னர், ஆனால் தியானமே கதி என்று இருப்பவர். அவர் பெயரில் ஆள்கிற தம்பி இளவரசர் ஆலை கட்டுகிறார், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறார், ஊர் வரியைச் சுருட்டித் தின்னும் அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் வைக்கிறார். ஒவ்வொரு ஆணைக்கும் மண்டியிட்டு அனுமதி கேட்பார், மன்னர் தலையசைப்பார். மன்னருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. அந்த வேடம் முருகேசனுக்கு.

மகளுக்குப் பிரசவம் என்று அவர் கியாக்தான் போய் அவள் கடையைப் பார்த்துக்கொண்டார். குழுவைக் கஸ்தூரியிடம் ஒப்படைத்தபோது ஒரே நிபந்தனை: வசனத்தில் ஒரு சொல்லும் மாறக் கூடாது. ஆனால் மந்திரிகளாக நடிக்க வந்தவர்கள் நகரின் ஷ்வேப்யிதா பகுதித் தையல் ஆலைப் பெண்கள். தமிழ் புரியும், பேச்செல்லாம் பர்மியம். இரண்டு ஒத்திகையிலேயே பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கஸ்தூரி அரசவைக் காட்சிகளைப் பர்மிய மொழிக்கு மாற்றினார். எல்லோரும் திரும்பி வந்தார்கள். முருகேசனுக்கு மட்டும் சொல்லவில்லை. தலையசைக்க ஒத்திகை வேண்டாம் என்று அவரும் வரவில்லை. கோபத்தில் அவர் எழுந்து போனால் குழு அன்றோடு கலைந்துவிடும்.

கியாக்தான் பேருந்து தாமதம். திரை விலகச் சற்று முன்புதான் வந்து, நேரே அரியணையில் உட்கார்ந்தார். மந்திரிகள் பர்மிய மொழியில் பேசத் தொடங்கியதும் அவர் முகம் இறுகியது. இளவரசர் வேடத்தில் கஸ்தூரி மண்டியிட்டு, சம்பள ஆணையைப் பர்மியத்திலேயே வாசித்து முடித்தார். மன்னர் தலையசைக்கவில்லை.

கஸ்தூரி தணிந்த குரலில் தமிழில் சொன்னார்: "மாமா, தலைய ஆட்டுங்க. முட்டி வலிக்குது."

முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பு பின்வரிசை வரை பரவியது. முருகேசன் மந்திரிகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, வசனமே இல்லாத மன்னர் வாய் திறந்தார்.

"கௌங்டே." நல்லது என்று பர்மியத்தில். பிறகு தமிழில், "ஆனா அந்த மூணாவது மந்திரி இன்னும் சத்தமாப் பேசணும்."

மூன்றாவது மந்திரி அடுத்த வசனத்தைக் கூரை அதிரச் சொன்னாள். எழுந்த கைதட்டலில் அந்த வசனம் பாதி எனக்குக் கேட்கவேயில்லை. அன்று பார்த்த ஆட்சி எனக்குப் பிடித்திருந்தது: மேடையிலும், மேடைக்கு வெளியிலும்.

போக நினைப்பவர்களுக்கு: நகரத்திலிருந்து கியாக்தானுக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும், தாமதத்துக்கு இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு நடுவே உள்ள பகோடாவைக் காலையிலேயே படகில் போய்ப் பார்த்துவிடுங்கள். பகோடாவுக்குள் செருப்பும் காலுறையும் கூடாது. இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்புவது நல்லது. கிளம்பும் முன் பாதுகாப்பு நிலவரத்தை விசாரியுங்கள்.

கியாக்தான் நாடகத்துக்குத் தேதி குறிக்கவில்லை. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் தெரியும் என்கிறார் கஸ்தூரி. தாமதத்துக்குக் காரணம், மன்னர் தனக்கு நான்கு பக்க வசனம் எழுதிக்கொண்டிருக்கிறார். எந்த மொழியில் என்று இன்னும் சொல்லவில்லை.