தகட்டுக்கு அந்தப் பக்கம்

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் இருந்த ஒரு படகுப் பட்டறையில் நான்கு வருடம் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். அந்தப் பிரிவில் எனக்கு மேலேயும் கீழேயும் யாரும் கிடையாது. குடியிருப்பு அண்ணாமலை நகரில். கணவருக்கு அங்கே வேலை. காலை ஏழு மணிக்குச் சிதம்பரத்தில் பஸ் பிடித்து, பட்டறைக்குப் போனதும் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவேன். ஏணியைக் கட்டாமல் ஏறியவரை இறக்குவேன். ஈரத்தில் கிடக்கும் ஒயரைத் தூக்கி மாட்டச் சொல்வேன். "சேப்டி மேடம் வருது" என்று யாராவது குரல் கொடுத்தால் எல்லார் முகத்திலும் கண்ணாடி ஏறும். நான் திரும்பியதும் இறங்கிவிடும்.

சொல்லாமலே எல்லாம் செய்தவர் வெல்டர் ஒருவர்தான். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். இரும்புப் படகில் எங்கே வெல்டிங் வைப்பதானாலும் என்னிடம் வந்து, "மேடம், அந்தப் பக்கம் பாத்தாச்சா?" என்று கேட்பார். தகட்டுக்கு இந்தப் பக்கம் வெல்டிங் வைத்தால் அந்தப் பக்கமும் சூடேறும். அங்கே டீசல் இருக்கலாம், பெயின்ட் இருக்கலாம், ஆள் இருக்கலாம். அதனால் மறுபக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை தொடங்க வேண்டும் என்று நான் ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தேன். அதை மதித்தவர் அவர்.

அவருடைய தங்கை கணவரும் அங்கேயே தச்சு வேலை செய்தார். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "மச்சான், இன்னிக்கு உங்க தங்கச்சி உப்ப ஜாஸ்தி போட்டுடுச்சி" என்று தச்சர் குறை சொல்வார். வெல்டர் தன் டப்பாவை அவர் பக்கம் தள்ளுவார்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரையேறும். அந்த வருடமும் அப்படித்தான். ஒரு இரும்புப் படகில், மீனையும் ஐஸையும் கொட்டி வைக்கும் அறையின் வெளித்தகடு அரித்திருந்தது. அதை வெட்டி வேறு தகடு வைக்க வேண்டும். அந்த அறையின் சுவருக்குள் குளிர் வெளியேறாமலிருக்க ஃபோம் அடைத்திருப்பார்கள். வெட்டும் இடத்தைச் சுற்றி அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு நான் உள்ளே இறங்கிப் பார்த்தேன். காலியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

உடனே கரண்ட் போய்விட்டது. வந்தபோது பதினொன்றரை. இன்னொரு படகைத் தண்ணீரில் இறக்கும் வேலை தொடங்கியிருந்ததால் நான் அங்கே கம்பிவடத்தின் பக்கம் ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தேன். வெல்டர் வந்தார்.

"மேடம், மறுபடி ஒருதரம் பாக்கணுமா?"

"காலைலதான பாத்தேன். ஆரம்பிங்கண்ணே."

ஒரு நொடி நின்றார். பிறகு போனார்.

கரண்ட் இல்லாத நேரத்தில் தச்சர், ஐஸ் தடுக்கும் பலகைகளை அளவெடுக்க அந்த அறைக்குள் இறங்கியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் அங்கே இல்லை. சுரண்டாமல் விட்ட ஃபோம் எங்கேயோ புகையத் தொடங்கியிருக்கிறது. கிரைண்டர் சத்தத்தில் அவர் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. மேல்தளத்தில் பெயின்ட் அடித்தவர் அந்த அறையின் வாசலில் கரும்புகையைப் பார்த்துக் கூச்சல் போட்டார். நாங்கள் ஓடிப்போனபோது வாசலருகே தச்சரின் செருப்பு கிடந்தது.

வெல்டர் உள்ளே இறங்கப் போனார். அந்தப் புகையில் இறங்குகிறவர் ஏறிவர முடியாது என்பது எனக்குத் தெரியும். பயிற்சியில் முதலில் சொல்லித் தந்ததே அதுதான். "புடிங்க அவர, விடாதீங்க" என்றேன். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். "மாப்ள, மாப்ள" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்ட இரண்டு பேர் இறங்கித் தச்சரைத் தூக்கி வந்தார்கள். உடம்பில் ஒரு தீக்காயமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்முன்பே உயிர் போயிருந்தது.

விசாரணை மஞ்சக்குப்பத்தில், ஒரு அரசு அலுவலகத்தில் நடந்தது. வெல்டரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்த பிறகு மறுபடியும் உள்ளே பார்க்கச் சொல்லி மேடத்திடம் கேட்டீர்களா என்று அதிகாரி அவரிடம் கேட்டார்.

"கேக்கல சார். காலைல பாத்தாங்க, அதோட ஆரம்பிச்சிட்டேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அதிகாரி என் பக்கம் திரும்பி, வேறெதுவும் சொல்ல வேண்டுமா என்றார். வாயைத் திறந்தேன். "இல்ல சார்" என்றுதான் வந்தது. வெளியே வந்து மைதானத்தின் ஓரமாக நடந்தோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்குச் சின்னப் புள்ள இருக்குது" என்றார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

பட்டறை அவரை நிறுத்திவிட்டது. என்னை வைத்துக்கொண்டது. பாதுகாப்புக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று காட்ட நான் தேவைப்பட்டேன். ஏழெட்டு மாதம் அதே தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன். ஆட்கள் எரிச்சல்பட்டார்கள். வீட்டில் சோறு இறங்கவில்லை. வேலை ஜாஸ்தி என்று கணவர் நினைத்துக்கொண்டார்.

வெல்டரின் தங்கை தன் அண்ணனை வீட்டுக்குள் விடுவதில்லை என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் புருஷன் பிழைத்திருப்பார் என்பது அவருடைய கோபம். அதைக் கேள்விப்பட்ட வாரமே, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டேன். பிச்சாவரம் போகும் வழியில் ஒரு சிற்றூர். அவர் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"உங்க அண்ணன் கேட்டாருங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். அடுத்ததை எடுத்தார். அதையும் பிழிந்து போட்ட பிறகுதான் பேசினார்.

"இத எங்கிட்ட சொல்லிட்டா உங்களுக்கு லேசாயிடும், இல்ல?"

அவர் இன்னொரு துணியை எடுத்தார்.

"எங்க சொல்லணுமோ அங்க போயி சொல்லுங்க. எங்க அண்ணன் பேரு அங்கதான் கெட்டுது."

மறுநாள் மஞ்சக்குப்பத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அந்த ஃபைலை மூடியாயிற்று என்றார் எழுத்தர். கடிதத்தை வாங்கிச் சீல் வைத்து, ஒரு நகலைத் திருப்பித் தந்தார். அங்கிருந்து எனக்கு இன்றுவரை எதுவும் வரவில்லை. அதே வாரம் பட்டறையிலும் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன். இப்போது அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் கணக்கும் சாவியும் பார்க்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து வெல்டர் போன் செய்தார். எந்தப் பட்டறைக்கும் போகவில்லை, வெல்டிங் கையில் எடுக்கவே முடியவில்லை, இறால் பண்ணையில் காவல் இருக்கிறேன் என்றார்.

"தங்கச்சி வூட்டுக்கு வரச் சொல்லிச்சு. போய்ட்டு வந்தேன். சோறு போட்டுது."

"நல்லதுண்ணே."

அவர் பக்கம் இறால் குளத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் மேடம். நீங்க வேணாம்னு சொன்னாலும், நா எட்டிப் பாத்திருக்கலாம்ல. நாலு எட்டு. எனக்கும் சோம்பலாதான் இருந்துச்சி."

பாப்பா நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அதன் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.